கொட்டகைக் கூரையில் சூரிய மின்சாரம்: யாருக்கு லாபம்?



நம் திருத்தங்கல், சிவகாசிப் பக்கத்து மண்ணுக்கு வெயில் புதிது அல்ல. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழைதான் நமக்கு. மற்ற நாளெல்லாம் காய்ச்சல்தான். இந்த வறண்ட வெயிலை நம்பித்தான் 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. பின்னாலேயே பட்டாசும் வந்தது. குச்சி காய்வதற்கும் மருந்து காய்வதற்கும் வெயில்தான் மூலதனம். பக்கத்தில் கமுதியைப் பாருங்கள். 2016-ல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். ஆகவே, நம் சீமையில் சூரிய மின்சாரம் விளையுமா என்ற கேள்விக்கே இடம் இல்லை. விளையும்.

கேள்வி வேறு. அந்த மின்சாரம் உங்கள் செலவைக் குறைக்குமா? யாருக்குக் குறைக்கும்? யாருக்குக் குறைக்காது? கடன் வாங்கித் தகடு வைத்துவிட்டு, "பில்லில் ஒன்றும் குறையவில்லையே" என்று பிற்பாடு கையைப் பிசையக் கூடாது அல்லவா? அதைத்தான் இந்தப் பேச்சில் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலில் பில்லைப் பாருங்கள்

"அண்ணாச்சி, உங்கள் மோட்டாருக்குச் சோலார் போட்டால் கரண்டு செலவே இருக்காது" என்று ஊர் ஊராக வந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நம்ம மோட்டாருக்குத்தான் பில்லே கிடையாதே, அதில் எதைக் குறைப்பீர்கள்?"

1970-களில் மின் கட்டணத்துக்காக நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோவையை மறித்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப் போராடிய பிறகு, 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இலவச இணைப்பு ஏற்கனவே உள்ள கிணற்று மோட்டாருக்குத் தகடு வைத்தால் உங்கள் கையிருப்பில் ஒரு காசும் மிச்சமாகாது. குஜராத், மகாராஷ்டிரத்துக் கணக்கை இங்கே கொண்டுவந்து காட்டினால் அது நமக்குப் பொருந்தாது.

அப்படியானால் விவசாயிக்குக் கரண்டு செலவு எங்கிருந்து வருகிறது? கொட்டகையிலிருந்து வருகிறது. கோழிப் பண்ணை, பால் பண்ணை, தீவனம் அரைக்கும் அறை, சேமிப்புக் கிடங்கு, தோட்டத்து வீடு: இவற்றின் இணைப்புகளுக்குத் தனி மீட்டர், தனிக் கட்டணம். இலவச இணைப்பிலிருந்து கோழிப் பண்ணைக்கு ஒயர் இழுப்பது விதிமீறல். சோதனைக்கு வந்தால் அபராதம் கட்ட வேண்டி வரும். அது வேண்டாம்.

நம் பகுதியில் இந்தக் கொட்டகைச் செலவு கூடிக்கொண்டே வருவதற்கு ஒரு காரணம் உண்டு. செங்கமலநாச்சியார்புரம், ஆனைக்குட்டம், சுக்கிரவார்பட்டி என்று எந்த ஊரை எடுத்தாலும், காலையில் வேன் வந்து நின்றால் ஆட்கள் பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்விடுகிறார்கள். சோளத்தட்டை நறுக்கவும் பால் கறக்கவும் ஆள் கிடைப்பதில்லை. ஆள் செய்த வேலையை இயந்திரம் செய்கிறது. கூலி குறைந்த இடத்தில் கரண்டு பில் ஏறுகிறது. இந்த பில்லைத்தான் கூரையில் வைக்கும் தகடு குறைக்கும்.

ஒரு கிலோவாட் என்றால் என்ன?

தகட்டின் மேல் வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கிறது. அது பேட்டரியில் உள்ளதைப் போன்ற நேர் மின்சாரம். அதை நம் வீட்டு மின்சாரமாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர். இப்போது கடைகளில் வரும் தகடு ஒன்று சுமார் 540 வாட். ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், ஏறக்குறைய 28 கிலோ எடை. இரண்டு தகடு சேர்ந்தால் ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் கூடுதல். நடக்க, கழுவ இடம் விட்டுக் கணக்கிட்டால் ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும்.

நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். மாசி, பங்குனியில் கூடுதலாகத் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குறையும். "சித்திரை வெயிலில்தான் அதிகம் வருமோ?" என்று கேட்கலாம். இல்லை. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்; சூடு அல்ல. தகட்டின் திறனை 25 டிகிரிச் சூட்டில் அளந்து எழுதுகிறார்கள். நம் ஊர் உச்சி வெயிலில் தகடு 60 டிகிரிக்குப் போய்விடும். அப்போது விளைச்சல் நூற்றுக்கு 12 பங்கு வரை குறையும். அதனால்தான் தகட்டைக் கூரையோடு ஒட்டி அறையாமல், அடியில் காற்றோட்டம் இருக்கும்படி தூக்கி வைக்கச் சொல்கிறோம்.

ஒரு பால் பண்ணைக் கணக்கு

பத்து மாடு உள்ள ஒரு பால் பண்ணையை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத் திறன் என்பது முக்கால் கிலோவாட். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

தட்டை நறுக்கும் இயந்திரம் 2 குதிரைத் திறன், ஒரு மணி நேரம்: ஒன்றரை யூனிட். பால் கறவை இயந்திரம் 1 குதிரைத் திறன், இரு வேளையும் சேர்த்து இரண்டு மணி நேரம்: ஒன்றரை யூனிட். தொழுவத்துத் தண்ணீர் மோட்டார் 1 குதிரைத் திறன், இரண்டு மணி நேரம்: ஒன்றரை யூனிட். 75 வாட் ஃபேன் நான்கு, பத்து மணி நேரம்: 3 யூனிட். விளக்குகள்: அரை யூனிட். ஆக நாளைக்கு 8 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 480 யூனிட்.

இதற்கு 2 கிலோவாட் தகடு வைத்தால் அதுவும் சராசரியாக நாளைக்கு 8 யூனிட் தரும். "அப்போ பில் பூஜ்யம்தானே?" என்று துள்ளிவிடாதீர்கள். நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது.

தகடு கரண்டு தருவது காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நாலு மணி வரைதான் நன்றாக இருக்கும். நீங்களோ விடியற்காலையில் பால் கறக்கிறீர்கள். பொழுது சாய்ந்து தட்டை நறுக்குகிறீர்கள். இரவில் விளக்கு எரிக்கிறீர்கள். நண்பகலில் ஃபேன் மட்டும் ஓடுகிறது. மிச்சமுள்ள கரண்டு மின்வாரியக் கம்பிக்குப் போய்விடும். வீட்டு இணைப்பாக இருந்தால், போன யூனிட்டை வந்த யூனிட்டில் கழித்துக்கொள்கிறார்கள். பண்ணை, தொழில் இணைப்புகளில் கணக்கு முறை வேறு. பொதுவாக, நீங்கள் அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவு.

கணக்குக்காக, வாங்கும் யூனிட் 6 ரூபாய், அனுப்பும் யூனிட் 3 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோவாட்டுக்கு மானியம் இல்லாமல் 1,30,000 ரூபாய் செலவு என்றும் வைத்துக்கொள்வோம்.

பழக்கத்தை மாற்றாத பண்ணையில் பகலில் செலவாவது 3 யூனிட். வெளியே போவது 5 யூனிட். ஆண்டு மிச்சம் சுமார் 12,000 ரூபாய். போட்ட பணம் திரும்ப 11 ஆண்டு ஆகும்.

தட்டை நறுக்குவதையும் தண்ணீர் ஏற்றுவதையும் காலை 11 மணிக்கு மாற்றிக்கொண்ட பண்ணையில் பகலில் செலவாவது 6 யூனிட். வெளியே போவது 2 யூனிட். ஆண்டு மிச்சம் 15,000 ரூபாய்க்கு மேல். எட்டரை ஆண்டில் பணம் திரும்பும். அதே தகடு, அதே வெயில். ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு இல்லாமல், வேலை நேரத்தை மாற்றியதாலேயே இரண்டு ஆண்டுக்கு மேல் லாபம்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று களத்து மேட்டில் சொன்னது இதற்கும் பொருந்தும். வெயில் உள்ளபோதே ஓட்டிக்கொள்ளுங்கள். வெளியே அனுப்பி விற்கலாம் என்ற ஆசையில் தேவைக்கு மேல் தகடு வைக்க வேண்டாம். பகலில் எவ்வளவு செலவழிப்பீர்களோ அந்த அளவுக்கு வைத்தால் போதும்.

கோழிப் பண்ணைக்கும் இதே கணக்குத்தான். கோடையில் ஃபேனும் தண்ணீர்ப் புகை தெளிப்பானும் உச்சிப் பொழுதில் ஓடுகின்றன. தகடும் அப்போதுதான் நிறையத் தருகிறது. இரண்டும் பொருத்தமான ஜோடி. ஆனால் குஞ்சுகளுக்கு இரவில் சூடு கொடுக்கும் புரூடர் விளக்குக்குத் தகடு நேரடியாக உதவாது.

கரண்டு போனால் இதுவும் போகும்

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண சோலார் அமைப்பு, ஊரில் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கோளாறு அல்ல; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் கூரைக் கரண்டு பாய்ந்துவிடக் கூடாது அல்லவா?

"சோலார்தான் இருக்கிறதே" என்று ஜெனரேட்டரை விற்றுவிட்டால், ஒரு இரவு கரண்டு போகும்போது குஞ்சுகள் விறைத்துப் போகும். மின்தடையிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய அமைப்பு வேண்டும். அதற்குச் செலவு கூடும். காரீயப் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டி வரும். லித்தியம் பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும், விலையும் கூடுதல். எல்லாச் சுமையையும் பேட்டரியில் போடாமல், புரூடர், ஓரிரு விளக்கு என்று உயிர் காக்கும் சுமைக்கு மட்டும் பேட்டரி வைப்பது சிக்கனம்.

எங்கே வைப்பது, எப்படி வைப்பது?

தகடு தெற்கு பார்த்து இருக்க வேண்டும். நம் ஊருக்குப் பத்து டிகிரிச் சாய்வு போதும். அந்தச் சாய்வு இருந்தால் மழைத் தண்ணீர் வழிந்து அழுக்கையும் அடித்துக்கொண்டு போகும்.

நிழல் கூடவே கூடாது. தகடுகள் ஒன்றோடொன்று கோத்திருப்பவை. வாய்க்காலில் ஒரு இடத்தில் மண் சரிந்தால் கடைமடை முழுவதும் காய்கிற மாதிரி, ஒரு தகட்டின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் கரண்டையும் இழுத்துப் பிடிக்கும். அதற்காகத் தொழுவத்துக்கு நிழல் தரும் வேம்பை வெட்டிவிடாதீர்கள். மாட்டுக்கு அந்த நிழல்தான் பால். தீவன அறை, கிடங்கு என்று வெட்ட வெளியில் உள்ள வேறு கூரையைப் பாருங்கள். வெயிலில் வேகும் தகரக் கொட்டகையாக இருந்தால் தகடே கூரைக்கு நிழலாகி, உள்ளே சூட்டைக் கொஞ்சம் தணிக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் மேல் தகட்டை ஏற்ற வேண்டாம். ஆள் ஏறினாலே உடையும் ஓடு அது. தரையிலிருந்து தனியாக இரும்புக் கால் நட்டு, கூரைக்கு மேலே தாங்கு சட்டம் கட்டுவதே நல்லது. கரிசல் நிலத்தில் மேலாக நட்ட கால் நிற்காது. மழைக்கு மண் உப்பும், கோடைக்கு வெடிக்கும். கெட்டித் தரை தட்டும் வரை குழி எடுத்துக் கான்கிரீட் போடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அகலமான தகடு அந்தக் காற்றுக்கு முறம் மாதிரி. சட்டமும் போல்ட்டும் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் வைகாசியில், காற்றுக்கு முன்னால், போல்ட்டுகளை ஒரு முறை முடுக்கிவிடுங்கள்.

ஐப்பசி இடிக்கு இடிதாங்கி வேண்டும். தகட்டுப் பக்கம், வீட்டு மின்சாரப் பக்கம், இடிதாங்கி என்று மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி எடுப்பது முறை. கோடையில் கரிசல் காய்ந்து வெடிக்கும்போது எர்த் பிடிப்புக் குறையும். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள்.

நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை

பட்டாசு ஆபீஸ்கள் சூழ்ந்த ஊர் நம் ஊர். தகட்டிலிருந்து வரும் நேர் மின்சாரத்தில் இணைப்புத் தளர்ந்தால் பொறி நீண்டு எரியும், எளிதில் அணையாது. அதோடு, மெயினை அணைத்தாலும் பகலில் தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை உள்ள ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வெயிலை அணைக்கும் சுவிட்ச் நம்மிடம் இல்லை.

எனவே வைக்கோல் படப்பு, தட்டைப் போர், சாக்கு அடுக்கு எதுவும் இன்வெர்ட்டருக்கும் ஒயருக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தகட்டின் அருகே ஒரு துண்டிப்பு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். எலி கடிக்காதபடி ஒயரைக் குழாய்க்குள் விடுங்கள். தீபாவளிக்கும் கோயில் கொடைக்கும் ராக்கெட் விடும் சிறுவர்களைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். உங்கள் புஞ்சையில் பட்டாசு ஆலை உரிமம் உள்ள வளாகம் இருந்தால், அதற்குள் தகடோ ஒயரோ வைப்பது நீங்களாக முடிவு செய்யும் காரியம் அல்ல. அது வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்டது. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் சிவகாசி அலுவலகத்தில் கேட்காமல் ஒரு கம்பிகூட இழுக்க வேண்டாம்.

கழுவுவதும் ஒரு விவசாயம்தான்

கரிசல் புழுதியும் மயில் எச்சமும் தகட்டுக்கு எதிரி. எச்சம் விழுந்த இடம் நிழலாகி, அந்தப் பகுதி மட்டும் சூடேறித் தகடு கெடும். கோடையில் பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவுங்கள். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். விடியற்காலையே நல்ல நேரம். உப்புத் தண்ணீர் என்றால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் படியும். ஆகவே நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

இப்படிப் பேணினால் தகடு 25 ஆண்டு உழைக்கும். அப்போதும் புதிதில் தந்ததில் நூற்றுக்கு 80 பங்கு தரும் என்று தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் எழுதித் தருகிறார்கள். இன்வெர்ட்டரை மட்டும் இடையில் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மானியம் எதற்கு உண்டு?

2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் வீட்டு இணைப்புக்கு மானியம் உண்டு. முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய். தோட்டத்து வீட்டுக்கு வீட்டு இணைப்பு இருந்தால் அதற்கும் பெறலாம். கோழிப் பண்ணை இணைப்புக்கு இது கிடையாது. மானியம் வேண்டுமானால் திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தின் மூலம், இந்தியாவில் தயாரான தகடுதான் வைக்க வேண்டும். ஆனால் ஒன்று: இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக, இன்னும் சிறிதளவே எரிக்கிற சின்ன வீட்டுக்கு அவசரம் இல்லை. மிச்சமாகும் தொகை அவ்வளவு சொற்பம்.

மோட்டாருக்குச் சோலாரே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. இலவச இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருப்பவர்கள், டீசல் இன்ஜினில் இறைப்பவர்கள் இருக்கிறார்கள். 5 குதிரைத் திறன் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆண்டுக்கு நூறு நாள் இறைத்தால் 500 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 45,000 ரூபாய் புகையாகப் போகிறது. இவர்களுக்குச் சூரிய பம்புசெட் வரப்பிரசாதம். 2019-ல் வந்த பிரதமரின் குசும் திட்டத்தில் இதற்கு மத்திய அரசும் மாநில அரசும் மானியம் வழங்கின. இந்த ஆண்டு மானியம் எவ்வளவு என்பதை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே சொட்டு நீரையும் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் இலவசம் என்று பகல் முழுக்க இறைத்தால் கிணறு தாங்காது. குஜராத்தில் துண்டி என்ற கிராமத்து விவசாயிகள் ஆறு பேர், 2016-ல் சங்கமாகச் சேர்ந்து, பாசனம் போக மிஞ்சிய சூரிய மின்சாரத்தை மின் கம்பெனிக்கு விற்றார்கள். மிச்சக் கரண்டுக்கு விலை கிடைத்தால், வீணாகத் தண்ணீர் இறைக்கத் தோன்றாது என்பது அதில் உள்ள பாடம்.

"தகடு வைத்தால் மோட்டாருக்கும் மீட்டர் மாட்டி இலவசத்தை எடுத்துவிடுவார்களோ?" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கொட்டகை இணைப்பு வேறு, கிணற்று இணைப்பு வேறு. கொட்டகைக் கூரையில் வைக்கும் தகடு கொட்டகை மீட்டரோடு மட்டுமே சேரும். கிணற்றுக் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

கடைசி ஆறு மின் பில்களை எடுத்து வையுங்கள். எந்த இயந்திரம் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். அதில் எதைப் பகலுக்கு மாற்ற முடியும் என்று வீட்டில் உள்ள பெண்களோடு கலந்து பேசுங்கள். தொழுவத்து வேலை நேரம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பிரிவு மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், உங்கள் இணைப்புக்கு என்ன கட்டணம், வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு என்ன விலை என்று கேளுங்கள். பிறகு குறைந்தது இரண்டு நிறுவனங்களிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். தகடு, இன்வெர்ட்டர், சட்டம், எர்த் என்று தனித்தனியாக விலையும் உத்தரவாதமும் எழுதியிருக்க வேண்டும். பழுது பார்க்க எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு கணக்கு சரியாக வந்தால் துணிந்து வையுங்கள். வரவில்லை என்றால் அந்தப் பணத்தில் ஒரு கறவை மாடு வாங்குங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். நகையை அடகு வைத்து நிழலில் தகடு மாட்டியவருக்கு அந்த வெயிலும் உதவாது.

மேலும் விவரம் வேண்டுவோர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையும் நேரில் அணுகலாம். மின் பில்லை மறக்காமல் கையில் கொண்டு வாருங்கள்.